பெட்டியைத் திற... கசகசாவை எடு!

முப்பது கிலோ! அதற்கு மேல் ஏறினால் ஏர்போர்ட்டில் தண்டம் கட்ட வேண்டும் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் மிரட்டியிருந்தார். அதனால் அரியலூரை ஒட்டிய எங்கள் சித்தி வீட்டில், வெங்காய மூட்டை நிறுக்கிற தொங்கு தராசை உத்தரத்தில் கட்டி, சித்தி பையனின் பெட்டியை அதில் மாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்திரண்டே கால்.

"எதை எடுக்கறது சித்தி?" என்றேன்.

"எதையும் எடுக்கக் கூடாது. எடையை மட்டும் குறை" என்றாள் சித்தி.

(பி.காமில் எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை!)

பையன் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன். துபாயில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். அவன் டிக்கெட்டுக்கும் மற்ற செலவுக்கும் சித்தியின் கழுத்துச் சங்கிலி பாங்க்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதாவது, பையன் போய் ஒழுங்காகச் சம்பாதித்தால்தான் சங்கிலி ஊருக்குத் திரும்பும்.

அந்த நேரத்தில்தான் பாய் உள்ளே வந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சித்தப்பா உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிமென்ட் லாரி ஓட்டியவர்கள். 1997-ல் பாய் சவூதிக்குப் போய்விட்டார். ரியாத்தில் ஒரு அரபி வீட்டு டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டு 2019-ல் ஊர் திரும்பினார். (ஏன் திரும்பினார் என்பது ஒரு தமாஷ். பிறகு சொல்கிறேன்.)

வந்தவர் தராசைப் பார்த்துச் சிரித்தார். "எடையை விடுங்க. பெட்டியைத் திறங்க. உள்ளே என்ன இருக்குன்னு பாப்போம்" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊறுகாய் டப்பா, முறுக்கு, இட்லிப் பொடி... ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. ஒரு பழுப்பு நிறப் பொடியை மட்டும் கவரைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதுல என்னென்ன போட்டிருக்கே?"

"குருமாப் பொடிங்க பாய். சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா..."

"கசகசாவா!"

பாம்பைக் கண்டவர் மாதிரி கவரைக் கீழே வைத்தார் பாய்.

நமக்குக் கசகசா என்றால் குருமா. அபின் எடுக்கிற செடியின் விதைதான் அது என்பது நமக்கு ஞாபகம் வருவதே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் ஞாபகமாக இருக்கிறார்கள்! அங்கே அது தடை செய்யப்பட்ட சரக்கு. 'ஸார், இது எங்கம்மா அரைச்சது' என்று சுங்க அதிகாரியிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவருக்கும் அம்மா இருக்கிறாள். ஆனால் சட்டத்தில் அம்மாவுக்கு விதிவிலக்கு இல்லை.

சித்தியின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அம்மியில் நுணுக்கிச் சலித்த பொடி அது.

பாய் அடுத்த பொட்டலத்தைக் கையில் எடுத்தார். பழுப்பு டேப் சுற்றியது.

"இது?"

"எதிர் வீட்டு அக்கா குடுத்ததுங்க. அவங்க மாப்பிள்ளை ஷார்ஜாவுல இருக்காரு. வந்து வாங்கிக்குவாராம்."

"உள்ளே என்ன?"

"தெரியாதுங்களே. பிரிச்சுப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

பாய் பதில் சொல்லாமல் டேப்பைக் கிழித்தார். அதிரசம். அப்பளம். அடியில், பேர் எழுதாத ஒரு காகிதப் பையில் உதிரி மாத்திரைகள். முதுகு வலிக்காம். இங்கே மெடிக்கல் ஷாப்பில் கொடுத்ததாம்.

"அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் குடுத்திருக்கு தங்கச்சி. ஆனா நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற சில வலி மாத்திரை, இருமல் மருந்தெல்லாம் அங்கே போதைப் பட்டியல்ல இருக்கு. மாட்டினா மாப்பிள்ளை மாட்ட மாட்டாரு. பெட்டி யார் பேருல இருக்கோ அவன்தான்."

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2019-ல் மும்பைத் தம்பதி ஒன்று, உறவுக்காரப் பெண்மணி கொடுத்தனுப்பிய பொட்டலத்தோடு கத்தாரில் இறங்கியது. உள்ளே நாலு கிலோ ஹாஷிஷ். பத்து வருஷத் தண்டனை. மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையிலேயே பிறந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் என்று நிரூபணமாகி அவர்கள் ஊர் திரும்பியது 2021-ல்!

அன்று மாலை எதிர் வீட்டு அக்காவிடம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து சித்தியோடும் பேசவில்லை.

அரபு நாட்டுப் பழக்க வழக்கங்களில் முதல் பாடம் இதுதான் என்று அப்போது புரிந்தது. அங்கே நல்லபடி நடந்துகொள்ள, முதலில் இங்கே ஒருவரிடம் 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர் நாகரிகத்துக்கு அதுதான் தெரியாது!

ரயில் இல்லாத ஊர். பிளேன் ஏறாத தெரு இல்லை!

பெரம்பலூருக்கு இன்று வரை ரயில் கிடையாது. வேண்டுமானால் அரியலூருக்கு வந்துதான் ஏற வேண்டும். ஆனால் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வழி கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்வான். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கமெல்லாம் 'மச்சான் எங்கே?' என்று கேட்டால் குவைத், ஜித்தா, துபாய் என்றுதான் பதில் வரும். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி நிற்கிற பூமி. ஒரு மழை தவறினால் ஒரு பாஸ்போர்ட்!

கடல் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவன் படையெடுத்துப் போனான். நாம் பெட்டி எடுத்துக்கொண்டு போகிறோம். படையோடு போகிறவன் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம். பெட்டியோடு போகிறவன் வீட்டுக்காரன் மனசறிந்து நடக்க வேண்டும்.

அன்று இரவு திண்ணையில் பாய் வகுப்பு நடத்தினார். மாணவன் ஒருவன். ஓசியில் கேட்டவன் நான். உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்பிக்கொண்டிருக்கலாம். அல்லது உங்கள் ஆபீஸே உங்களை ஒரு மாத டூட்டியில் தோஹாவுக்கு அனுப்பலாம். கேட்டு வையுங்கள்.

சலாமும் கையும்

"பார்த்ததும் வேலை விஷயத்தை ஆரம்பிக்காதே" என்றார் பாய். "முதல்ல ஸலாம். அப்புறம் உடம்பு எப்படி, வேலை எப்படி, பிள்ளைங்க எப்படின்னு கேப்பான். நீயும் கேக்கணும். ரெண்டு நிமிஷம் இதுலயே போகும். அது வீண் இல்லே. அதுதான் பேச்சே!"

அரபி கை குலுக்கினால் சட்டென்று விட மாட்டான். நாமாகப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. நெருங்கின சிநேகிதர்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வதும் வளைகுடாவில் உண்டு. பார்த்து ஆச்சரியப்படலாம், முயற்சி செய்யக் கூடாது! இரண்டு ஆண்கள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தால் சிநேகிதம் என்று அர்த்தம். நம் ஊர்ச் சந்தையிலும் அப்படித்தான் நடப்பார்கள்.

பெண்களிடம் நாமாகக் கை நீட்டவே கூடாது. அவர்கள் நீட்டினால் உண்டு. இல்லையென்றால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை குனிந்தால் போதும். "நம்ம வணக்கத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி" என்றார் பாய்.

பேர் சொல்லும் விஷயத்தில் எனக்கு ஓர் இன்ப அதிர்ச்சி. பெரிய மனிதரை மூத்த மகன் பேரைச் சேர்த்து 'அபு' போட்டுக் கூப்பிடுவது அங்கே மரியாதை. அபு காலித் என்றால் காலிதின் அப்பா. எங்கள் பாட்டி கடைசி வரை தாத்தாவை 'பெரியவனோட அப்பா' என்றுதான் கூப்பிட்டாள். பாட்டிக்கு அரபு வழக்கம் தெரிந்திருக்கிறது!

கோப்பையை ஆட்டு!

அரபி வீட்டுக்குப் போனால் முதலில் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வரும். கஹ்வா என்றால் நம் கும்பகோணம் டிகிரி காபி இல்லை. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஏலக்காய் மணக்கும். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் கால் பங்குதான் ஊற்றுவார்கள். 'இவ்வளவு பெரிய பங்களாவில் இவ்வளவு கஞ்சத்தனமா!' என்று நினைத்துவிடக் கூடாது. கோப்பை நிறைய ஊற்றினால்தான் அவமரியாதை. குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தமாகிவிடும்.

வலது கையால் வாங்க வேண்டும். ஒரு கோப்பையாவது குடிக்காமல் மறுக்கக் கூடாது. மூன்றோடு நிறுத்திக்கொள்வது அழகு. எப்படி நிறுத்துவது? அங்கேதான் சூட்சுமம்! காலிக் கோப்பையை இரண்டு விரலால் பிடித்து லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"எனக்கு இது தெரியாது தம்பி. முதல் மாசம். வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களோன்னு பயம். ஊத்த ஊத்தக் குடிச்சேன். பதினோரு கோப்பை!"

"அப்புறம்?"

"ரெண்டு ராத்திரி தூங்கலே. முதலாளி வண்டியை எடுக்கச் சொன்னப்பல்லாம் நான் ரெடியா முழிச்சுக்கிட்டு இருந்தேன். 'நல்ல டிரைவர்'னு பேர் வாங்கினது அப்படித்தான்!"

இந்தக் காபி உபசாரத்தைப் பண்பாட்டுச் சொத்து என்று யுனெஸ்கோ 2015-ல் தன் பட்டியலில் சேர்த்தது. அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் நாலு நாடுகளும் சேர்ந்து கேட்டு வாங்கிய கௌரவம். நம் ஊரில் மோர் கொடுத்து உட்காரச் சொல்கிற பழக்கத்துக்கு யாரும் மனுப் போடவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடு பெரிய தாம்பாளத்தில் வரும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். வலது கை மட்டும். தனக்கு எதிரே இருக்கிற சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். எதிராளி பக்கம் இருக்கிற கறித்துண்டு மீது கண் போகலாம், கை போகக் கூடாது. வீட்டுக்காரரே நல்ல துண்டாகப் பார்த்து நம் பக்கம் தள்ளுவார். உட்காரும்போது உள்ளங்கால் அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"இதெல்லாம் எங்கம்மா தினம் சொல்றதுதானே பாய்!" என்றான் பையன்.

"அதான். அம்மா சொன்னப்ப நீ கேக்கலே. அரபி சொல்றதுக்கு முன்னே கேட்டுக்க!"

ஐந்து விரல் பாஷை

வலது கை ஐந்து விரல்களையும் நுனி சேர்த்து, மேலே பார்க்கிற மாதிரி குவித்து, லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நமக்கு என்ன தோன்றும்? சாப்பாடு! அரபிக்கு? 'பொறு, கொஞ்சம் பொறு!'

பாய் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தபோது இவர் வண்டிச் சாவியோடு போய் எதிரே நின்றிருக்கிறார். முதலாளி விரலைக் குவித்து ஆட்டினாராம். ஆஹா, சாப்பிட்டாயா என்று கேட்கிறாரே, என்ன தங்கமான மனுஷன் என்று உருகிப்போய், வயிற்றைத் தடவிக் காட்டி 'ஆச்சு, ஆச்சு' என்று தலையாட்டியிருக்கிறார் பாய். முதலாளி மறுபடி ஆட்ட, இவர் மறுபடி வயிற்றைத் தடவ... கடைசியில் அந்த வீட்டு சமையற்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனாராம்.

கை பாஷையில் நாம் மாட்டிக்கொள்ளக் கூடிய இடம் வேறு. ரோட்டில் கோபம் வந்தால் நடுவிரல் காட்டுகிற சினிமாப் பழக்கம் இருக்கிறதே, அமீரகத்தில் அது வழக்காகி, ஆளை ஊருக்கே அனுப்பிவிடுகிற வரை போகலாம். இங்கே கெட்ட வார்த்தை வாயோடு போகும். அங்கே விசாவோடு போகும்!

'வீட்ல' எல்லாரும் நலமா?

"முதலாளிகிட்டே 'உங்க சம்சாரம் எப்படி இருக்காங்க?'ன்னு கேட்டுடாதே" என்றார் பாய். மனைவி, மகள், சகோதரி பற்றித் தனியாக விசாரிப்பதைப் பாரம்பரியமான அரபுக் குடும்பங்களில் விரும்ப மாட்டார்கள். குடும்பம் நலமா, பிள்ளைகள் நலமா என்று பொதுவாகக் கேட்கலாம்.

யோசித்துப் பார்த்தேன். நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'வீட்ல சௌக்கியமா?' என்றுதானே கேட்கிறோம்! மனைவிக்கு 'வீட்ல' என்றே பேர் வைத்த ஜாதி நாம். அதே மரியாதை, அதே தயக்கம்.

பாய் இருபத்திரண்டு வருஷமும் வண்டிக்குள் இருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் வைத்திருந்தாராம். பின் கண்ணாடி வழியாக ரோடு தெரிய வேண்டும். பின் ஸீட்டில் இருக்கிற பெண்களின் முகம் தெரியக் கூடாது. "யாரும் சொல்லித் தரலே. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கில்லே" என்றார்.

இன்னொன்று. யாருடைய பொருளையும் அளவுக்கு மேல் புகழக் கூடாது. 'வாட்ச் ரொம்ப அழகு' என்று இரண்டு தடவை சொன்னால் கழற்றிக் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் அங்கே உண்டு. பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக் காட்டினார். கறுப்பு மணிகள். "முதலாளியோட அத்தா வச்சிருந்தது. நல்லா இருக்கேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அந்தக் கிழவர் உடனே என் கையில வச்சு மூடிட்டாரு. எவ்வளவோ சொன்னேன், திரும்ப வாங்கலே. அன்னிக்கு நான் வெட்கப்பட்ட மாதிரி என்னிக்கும் பட்டதில்லே."

கொடுத்தவர் இறந்து வருஷங்களாகிவிட்டன. மணிமாலை இன்னும் லெப்பைக்குடிக்காட்டில் உருண்டுகொண்டிருக்கிறது.

ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு!

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்கும் பாய் சில விஷயம் சொன்னார். மீட்டிங் நடக்கும்போது நடுவில் யாராவது வருவார்கள், போன் வரும், தேநீர் வரும். நம்மை அவமானப்படுத்துவதாக நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மேலதிகாரி கணக்கில் தப்பு செய்தால் பத்து பேர் நடுவில் 'ஸார், டோட்டல் தப்பு' என்று கத்தக் கூடாது. தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். மானம் அங்கே பெரிய முதலீடு. (நம் ஊர் மானேஜரிடமும் இதை முயற்சி செய்து பாருங்கள். இன்க்ரிமென்ட் நிச்சயம் இல்லை, நிம்மதி நிச்சயம்.)

'இன்ஷா அல்லா' என்றால் நம் ஊர் 'பாத்துக்கலாம்' மாதிரியா என்று நான் கேட்டேன். பாய்க்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. கடவுள் நாடினால்னு அர்த்தம். மனசார சொல்றவங்கதான் அதிகம். நீங்க கிண்டலா மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். மதம், மன்னர் குடும்பம் இரண்டும் அங்கே அரட்டைக்கான விஷயங்கள் இல்லை.

போனிலும் அடக்கம் வேண்டும். முன்பின் தெரியாதவரை, முக்கியமாகப் பெண்களைப் போட்டோ எடுக்கக் கூடாது. அரசாங்கக் கட்டடம், ராணுவ இடம் பக்கம் கேமராவே ஆகாது. 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கும் அமீரகத்து சைபர் சட்டப்படி, அனுமதியில்லாமல் அடுத்தவர் படத்தைப் போட்டாலும், வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டினாலும் சிறை உண்டு, அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம் வரை போகும். ரீல்ஸ் போடுகிற தம்பிகள் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கவும்.

நோன்பு மாசம்

ரமலானில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, சிகரெட் பிடிப்பது கூடாது. நாம் எந்த மதமாக இருந்தாலும் சரி. குவைத்தில் இதற்கென்றே 1968-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது: நூறு தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை. துபாயில் இப்போது பகலிலும் ஓட்டல்கள் திறந்திருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம். தெருவில் பாட்டிலைத் தூக்கிக் கவிழ்க்காமல் இருப்பது மரியாதை.

லாபமும் உண்டு. அந்த மாதத்தில் அமீரகத்துத் தனியார் கம்பெனிகளில் எல்லாருக்குமே தினம் இரண்டு மணி நேர வேலை குறைவு. "சாயங்காலம் நோன்பு திறக்கற பந்தல்ல போய் உக்காரு. நீ யாரு, எந்த மதம்னு ஒருத்தன் கேக்க மாட்டான். பிரியாணியை முன்னாடி வைப்பான்" என்றார் பாய்.

பழைய சவூதியும் புது சவூதியும்

ஒரு எச்சரிக்கை. ஊரில் இருக்கிற பழைய கைகள் சொல்வதெல்லாம் இன்றும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. சவூதியில் ஒரு காலத்தில் வியாழனும் வெள்ளியும் விடுமுறை. 2013-ல் வெள்ளி, சனி ஆனது. அமீரகமோ 2022-ல் அரசாங்க ஆபீஸ்களுக்கு வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு லீவு என்று மாற்றிவிட்டது. சவூதியில் 2018 ஏப்ரலில் சினிமா தியேட்டர் திரும்ப வந்தது. அதே வருஷம் ஜூனில் பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி கிடைத்தது.

பாய் ஊர் திரும்பிய தமாஷ் இதுதான். "மேடம் லைசென்ஸ் வாங்கிட்டாங்க. முதல் நாள் அவங்க ஓட்ட, நான் பக்கத்து ஸீட்ல உக்காந்து பிரேக் இல்லாத இடத்துல பிரேக் போட்டுக்கிட்டே போனேன். நல்லாத்தான் ஓட்டினாங்க. சரி, நம்ம காலம் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சு போச்சு." கிளம்பும்போது மேடமே காரில் ஏர்போர்ட்டில் கொண்டு வந்து விட்டாராம். பின் ஸீட்டில் பாய்!

மாறாதது சில உண்டு. சவூதியிலும் குவைத்திலும் சாதாரண ஆளுக்கு மது கிடையாது. ஷார்ஜாவில் கடைகளில் விற்பதில்லை. லுங்கி ரூமோடு சரி. துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலை வகையறாவும் இருக்கிறது.

மரியாதை வேறு, பாஸ்போர்ட் வேறு

கடைசியாகப் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவ்வளவும் சொன்னேன்னு அடிமையா இருந்துடாதே. மரியாதையைக் குடு. பாஸ்போர்ட்டைக் குடுக்காதே."

அமீரகம், சவூதி, கத்தார் எல்லாவற்றிலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது சட்டப்படி தவறு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். 'முதல்ல விசிட் விசாவுல போ, அப்புறம் மாத்திக்கலாம்' என்று எவராவது சொன்னால், அவரிடம் மட்டும் மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

*

திருச்சி ஏர்போர்ட். 2024 ஜனவரியில் திறந்த புது டெர்மினல், கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. உள்ளே போகிறவர்களைவிட வெளியே நின்று அழுகிறவர்கள் அதிகம். பையன் சித்தி காலில் விழுந்து எழுந்தான். பாய் அவன் தலையில் கை வைத்தார். பெட்டி இருபத்தொன்பதே முக்கால் கிலோ.

மூன்று வாரம் கழித்து வீடியோ காலில் வந்தான். பாயும் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, நேத்து ஒரு அரபி வீட்ல ஏசி லைன் பாக்கப் போனேன். வேலை முடிஞ்சதும் உக்கார வச்சுக் காபி குடுத்தாரு. மூணு கோப்பை. நான் ஆட்டினேன் பாருங்க... அந்தப் பெரியவர் சிரிச்சுட்டாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. பெரம்பலூர் பக்கம் அரியலூருன்னு சொன்னேன்."

"அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியலே. ஆனா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாரு."

பாய் பையிலிருந்த மணிமாலையை உருட்டிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சித்தி போனை வாங்கினாள். கசகசா இல்லாமல், பொட்டுக்கடலை சேர்த்துப் புதிதாக அரைத்துக் கொடுத்தனுப்பிய பொடி. மூன்று வாரமாக அவளுக்கு அதே கவலை.

"ஏண்டா, குருமா வச்சியா? நல்லா இருக்கா?"

திரையில் பையன் ஒரு விநாடி யோசித்தான். ஒரே ஒரு விநாடிதான்.

"அதே ருசிம்மா. அப்படியே நீ வைக்கிற மாதிரியே இருக்கு."

பொய்! கசகசா போடாத குருமா எப்படி அதே மாதிரி இருக்கும்? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பையன் மரியாதை தெரிந்தவனாகிவிட்டான். அவனுக்கு இனி எந்த ஊரிலும் பயமில்லை.